வலப்பக்கம் வெளியேறவும்

ரோம்,
12 ஜூன் 1967

பலமுறை செத்தும் நலமாயிருக்கும் அப்பாவுக்கு,

உங்கள் ஒரே மகள் நிவேஸ் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அம்மா நலம். அம்மாவின் கோபம் மிகமிக நலம், ஈஸ்டரிலிருந்து ஒரு சுற்றுப் பெருத்தே இருக்கிறது.

முதல் கெட்ட செய்தி: லத்தீனில் என்னைத் தோற்கடித்து அக்டோபர் மறுதேர்வுக்குத் தள்ளிவிட்டார்கள். செத்த மொழி என்னைத் தோற்கடிக்கிறது, சாகிற அப்பா வெளிநாட்டில் இருக்கிறார், நான் யாரிடம் போய் அழுவது? "வீட்டுல விட்டா இவ புஸ்தகத்தத் தொறக்கமாட்டா" என்று அம்மா என்னைத் தினமும் எடிட்டிங் அறைக்கு இழுத்துப்போகிறாள். அங்கேயும் திறக்கவில்லை. ஆனால் ஒட்டுவேலை கற்றுக்கொண்டுவிட்டேன். அம்மா ஃபிலிமை வெட்டிப் போடுகிறாள், நான் ஒட்டுகிறேன். "அந்த ஆளோட எனக்கு இனி ஒட்டும் இல்ல, உறவும் இல்ல" என்று டூரினுக்குப் போன் போட்டு இயோலே பெரியம்மாவிடம் சொன்னாள். ஒட்டு என் கையில் இருக்கிறது அப்பா. உறவுக்கு நீங்கள் ஏதாவது வழி பார்த்தால் தேவலை.

இரண்டாவது: உங்கள் கடிதங்கள் உறையோடு குப்பைக்குப் போகின்றன. ஆனால் பாருங்கள், செவ்வாய்தோறும் ஸ்பெயினிலிருந்து விமானத்தில் ஃபிலிம் டப்பாக்கள் வருகின்றன. டப்பாவைத் திறந்தால் உள்ளே நீங்கள். உங்களைப் படிக்கமாட்டேன் என்று சபதம் எடுத்தவள் காலையிலிருந்து சாயங்காலம் வரை உங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இப்படியொரு பிரிவை உலகத்தில் எந்தத் தம்பதியும் அனுபவித்திருக்கமாட்டார்கள்.

மூன்றாவதைக் கேட்டால் நீங்கள் நிஜமாகவே செத்துவிடுவீர்கள். சூதாட்ட விடுதிப் படிக்கட்டில் நீங்கள் சுடப்பட்டு உருண்டு விழும் காட்சி இருக்கிறதே, அதை அம்மா வெட்டிவிட்டாள். துப்பாக்கி வெடிக்கிறது, உடனே கதாநாயகன் சிகரெட் பற்றவைக்கிறான். நீங்கள் எங்கே, எப்படிச் செத்தீர்கள் என்று யாருக்கும் தெரியாது.

நான்காவதுதான் பெரியது. பெரியம்மா டூரின் தொலைக்காட்சியில் அம்மாவுக்கு வேலை பார்த்து வைத்திருக்கிறாள். இந்தப் படம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்துவிட்டு செப்டம்பரில் டூரின். "ஈஸ்டர் விருந்துல, நடுக்கூடத்துல, நெஞ்சப் புடிச்சிக்கிட்டு விழுந்து செத்த மாதிரி நடிச்சானே, வீடு மந்திரிக்க வந்த சாமியாரு சாகறவங்களுக்குப் பூசற கடைசி எண்ணெய அவன் நெத்தியில பூசற வரைக்கும் எந்திரிக்காம கெடந்தானே, அவனோட என்னடி குடும்பம்?" என்று பெரியம்மா தினமும் போனில் ஊதிவிடுகிறாள்.

டூரினில் பனிமூட்டம் அதிகம். அங்கேயும் லத்தீன் உண்டு. சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

அன்பு முத்தங்களுடன்,
நிவேஸ்


அல்மேரியா,
20 ஜூன் 1967

என் செல்லக் குரங்குக்கு,

படிக்கட்டை வெட்டிவிட்டாளா? முழுவதையுமா? பன்னிரண்டு படி, நிவேஸ்! விலா எலும்பில் இன்னும் நீலம் மறையவில்லை. டைரக்டர் ஃபுல்கோவே கண்கலங்கி, "ஒரெஸ்தே, ஒன்ன மாதிரி சாகறதுக்கு இத்தாலியில ஆளே இல்ல" என்றார்.

என் தொழில் என்ன என்று உன் அம்மாவுக்குத் தெரியாதா? படத்துக்குப் படம் வில்லனின் அடியாள்; இந்தப் படத்தில் சிக்கனத்துக்காக அடியாட்கள் எல்லோரும் நானே, சட்டை மட்டும் மாறும். இதுவரை செத்தது துப்பாக்கியால், கத்தியால், முதலையால், ஒருமுறை பனிச்சறுக்குக் கட்டையால். அத்தனை மரணத்தையும் அவள்தான் வெட்டி ஒட்டினாள், சிரித்துக்கொண்டே. நானும் ஈஸ்டர் ஆயிற்றே, செத்து எழுந்தால் பொருத்தமாக இருக்குமே என்றுதான் படுத்தேன். அந்தச் சாமியார் கையில் எண்ணெயோடு மாடி ஏறி வருவார் என்று எனக்கு ஜோசியமா தெரியும்?

இங்கே அதே வெயில், அதே மண். இந்த ஒரு கடற்கரையே போன வாரம் பெய்ரூட், இந்த வாரம் ஹாங்காங். கதாநாயகன் டெக்ஸாஸ்காரர், இங்கிலீஷில் பேசுகிறார். கதாநாயகி ஜெர்மனில் பதில் சொல்கிறாள். இருவருக்கும் ஒன்றும் புரிவதில்லை, அதனால் காதல் நன்றாக வந்திருக்கிறது.

டூரின் பற்றிப் படித்த பிறகு சோறு இறங்கவில்லை. நான் எழுதினால் அவள் படிக்கமாட்டாள், போன் செய்தால் வைத்துவிடுவாள். நீதான் சொல்லவேண்டும். கெட்டிக்காரத்தனமாகச் சொல், உன் பாணியில் வேண்டாம்.

உன் அப்பா,
ஒரெஸ்தே
(படத்தின் பெயர்ப்பட்டியலில் இம்முறை நான் ரெக்ஸ் ஹார்டன், அமெரிக்கப் பெயர் இருந்தால்தான் டிக்கெட் விற்குமாம். யாரோ தெரியாத ஆள் என்று நினைத்துவிடாதே.)


ரோம்,
27 ஜூன் 1967

மாண்புமிகு ரெக்ஸ் ஹார்டன் அவர்களுக்கு,

நான் எதையும் சொல்லப்போவதில்லை. நீங்களே சொல்லப்போகிறீர்கள்.

நேற்று அம்மா மெஷினை ஓட்டிக்கொண்டே, "பாரு, ஒங்கப்பன் பதினேழுக்கு அப்புறம் பத்தொம்பது சொல்றாரு. கொலை மிரட்டல் விடறப்பகூடக் கணக்குத் தப்பு" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. குரலெல்லாம் பின்னால் ரோமில் வேறு யாரோ கொடுக்கப்போகிறார்கள் என்பதால் நீங்கள் அங்கே வசனமே பேசுவதில்லையாம். கேமராவுக்கு முன்னால் நின்று ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறீர்களாம்! இத்தனை வருடம் நான் பயந்து நடுங்கியதெல்லாம் வாய்பாட்டைப் பார்த்தா?

சரி, அதை விடுங்கள். விஷயம் இதுதான். சத்தமில்லாத ஃபிலிமில் உதட்டைப் பார்த்தே அம்மா எல்லாவற்றையும் படித்துவிடுகிறாள். அங்கே யாருக்கும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கவலையில்லை. இங்கே ஒருத்திக்கு ஒரு எழுத்தும் தப்பாது. குப்பையில் போட முடியாத கடிதம் அப்பா இது. போட்டால் பட முதலாளி பாந்தினி சும்மா விடமாட்டார்.

அடுத்த முறை யாரையாவது மிரட்டும்போது எண்ணாதீர்கள். மன்னிப்புக் கேளுங்கள்.

தந்திரக்கார மகள்,
நிவேஸ்


அல்மேரியா,
15 ஜூலை 1967

நிவேஸ்,

நீ சொன்னதைக் கேட்டேன். மானம் கப்பலேறியது.

உன் கடிதம் வந்த மறுநாளே டெக்ஸாஸ்காரரின் நெற்றியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்து, "எர்சிலியா, என்ன மன்னிச்சிடு, தப்பு என்னோடதுதான்" என்றேன். அழகாகச் சொன்னேன். ஃபுல்கோவும் "நல்லா எண்ணினே" என்று முதுகில் தட்டினார்.

செவ்வாய் டப்பா போன மூன்றாம் நாள் எடிட்டிங் அறையிலிருந்து ஃபுல்கோவுக்குக் குறிப்பு வந்தது. வாரா வாரம் எது சரியில்லை, எதைத் திரும்ப எடுக்கவேண்டும் என்று அம்மா எழுதி அனுப்புவாளே, அது. ஃபுல்கோ அதைச் சாப்பாட்டு நேரத்தில் யூனிட் முழுவதற்கும் உரக்கப் படிப்பார். இம்முறை படித்தது: "மீசைக்காரர் சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்கிறார். நம்ப முடியவில்லை. மறுபடி எடுக்கவும்."

"நீ எப்பய்யா மன்னிப்பு கேட்டே?" என்றார் ஃபுல்கோ. "வில்லன்னா சிரிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க" என்று சமாளித்தேன்.

மறுபடி எடுத்தோம். இம்முறை சிரிக்கவில்லை. "எர்சிலியா, மன்னிச்சிடு, ஆனா அன்னிக்கு ஒன் தம்பிங்க எல்லாம் சிரிச்சாங்களே, ஒங்க அக்காதான் கூப்பாடு போட்டு ஊரக் கூட்டினா" என்று விளக்கமாகவே சொன்னேன். நேற்று அடுத்த குறிப்பு: "மீசைக்காரரின் வசனம் நீளம். 'ஆனால்' என்பதற்குப் பின் வந்ததெல்லாம் வெட்டப்பட்டது. முன்னால் இருப்பதும் போதாது."

ஃபுல்கோ காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பதினொண்ணுக்கும் பன்னெண்டுக்கும் நடுவுல எங்கடா 'ஆனா' வந்துச்சு?" விளக்குப் பையன்கள் முதல் சமையல்காரர் வரை இப்போது என்னைக் கண்டால் "ஆனா" என்கிறார்கள். டெக்ஸாஸ்காரரும் கற்றுக்கொண்டுவிட்டார். அவருக்குத் தெரிந்த முதல் இத்தாலியச் சொல் இதுதான்.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். அவள் பதில் போடுகிறாள், நிவேஸ். ஈஸ்டருக்குப் பிறகு முதல்முறையாகப் பதில் போடுகிறாள்.

அசிங்கப்பட்டாலும் நம்பிக்கையுள்ள,
அப்பா


ரோம்,
18 ஜூலை 1967

அன்புள்ள அப்பா,

இந்தக் கடிதத்தில் விளையாட்டுக் குறைவு. பொறுத்துக்கொள்ளுங்கள், என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

வெட்டிய துண்டுகளை அம்மா ஆணிகளில் வரிசையாகத் தொங்கவிட்டிருப்பாள். கீழே துணி விரித்த பெரிய தொட்டி. அதில் உங்கள் சாவு எல்லாம் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது: படிக்கட்டு, முதலை, மின்சார வேலி, மீன்வலை. எனக்குக் கை அரித்தது. வெள்ளிக்கிழமை பாந்தினி முதலாளி இதுவரை முடிந்ததைப் போட்டுப் பார்க்க வருவார் என்று தெரிந்து, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி மூன்றாவது ரீலுக்கு நடுவில் செருகிவிட்டேன். உங்கள் வீரத்தைப் பார்த்தால் அம்மா பழையபடி சிரிப்பாள் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கும் உங்களுடையது போலத்தான்.

கதாநாயகி பெட்டகத்தைத் திறக்கிறாள். உள்ளே ரகசியக் காகிதத்துக்குப் பதிலாக நீங்கள் உருண்டு விழுகிறீர்கள். விழுந்தவர் முதலை வாயில் எழுகிறீர்கள். அங்கிருந்து மின்சாரம். பாந்தினிக்கு மூச்சுத் திணறிவிட்டது. "அடேய், இந்த மனுஷன் எத்தன உசுருடா வச்சிருக்கான்? இன்னும் ரெண்டு தடவ சாகடிங்கடா" என்று நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

திரும்பிப் பார்த்தேன், அம்மாவின் நாற்காலி காலி.

நடைக்கூடத்தில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, குடிக்காமல் நின்றுகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று தயாராக இருந்தேன். திட்டவில்லை. "ஒட்டு கோணலா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

"நீ கோவத்துலதானேம்மா அப்பாவ வெட்டற?"

"கோவத்துல வெட்டியிருந்தா அவரு மூஞ்சியே படத்துல இருந்திருக்காது. சாவுறத மட்டுந்தான் வெட்டறேன்."

"ஏன்?"

"விழறப்போ அவரு கண்ணு ஒரு மாதிரி மேல சொருகும் பாரு. இத்தன வருஷமா அதப் பாத்துச் சிரிச்சவதான் நான். அன்னிக்கும் அதேமாதிரிதான் சொருகுச்சு. சாமியாரு மந்திரம் சொல்றாரு, எனக்கு ஒண்ணும் காதுல விழல. இனிமே இந்தப் புள்ளைய ஒத்தையா எப்படி வளக்கப்போறேன்னு யோசிக்க ஆரம்பிச்சிட்டேன். அந்த நேரத்துல எந்திரிச்சு உக்காந்து 'ஈஸ்டர் வாழ்த்துகள்'ங்கறாரு. இப்ப மெஷின்ல அந்தக் கண்ணு வந்தாலே என் கை தானா நிறுத்திடுது."

பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, பெரியம்மாவுக்குப் போன் செய்து, டூரின் வீட்டைப் பார்த்து வைக்கச் சொன்னாள்.

நான் கெடுத்துவிட்டேன் அப்பா. அவள் உங்களைத் தண்டிக்கிறாள் என்று நாம் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவளால் பார்க்க முடியவில்லை.

நிவேஸ்


அல்மேரியா,
27 ஜூலை 1967

என் கண்ணே,

உன் கடிதத்தைக் கடற்கரையில், ஹாங்காங்குக்கும் பெய்ரூட்டுக்கும் நடுவில் உட்கார்ந்து படித்தேன்.

நீ கெடுக்கவில்லை. எனக்கு இத்தனை நாள் அன்று சிரித்தவர்களின் முகம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. அவள் முகத்தை நான் பார்க்கவே இல்லை. கண்ணைத்தான் மேலே சொருகியிருந்தேனே.

நாளை மீன் மார்க்கெட்டில் கத்திக்குத்து. செவ்வாய் டப்பாவைத் திறக்கும்போது நீ பக்கத்தில் இரு.

அப்பா


ரோம்,
4 ஆகஸ்ட் 1967

அப்பா அப்பா அப்பா,

டப்பா வந்தது. பக்கத்தில் இருந்தேன். லத்தீன் புத்தகத்தையும் திறந்து வைத்திருந்தேன், சந்தேகம் வராமல் இருக்க.

மார்க்கெட். கத்தி. வழக்கம்போல அம்மாவின் கை நிறுத்தும் பிடிக்குப் போயிற்று. நீங்கள் மீன் கூடையைப் பிடித்துக்கொண்டு சரிகிறீர்கள். கண் சொருகவில்லை. முதல்முறையாகச் சொருகவில்லை. நேரே பார்க்கிறீர்கள். உதடு அசைகிறது. நான்கூடப் படித்துவிட்டேன்: "எர்சிலியா, இனிமே ஒன் முன்னாடி சாகமாட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுச் செத்துப்போனீர்கள்.

அம்மா நிறுத்தவில்லை. நீங்கள் விழுந்து, தலையில் ஒரு கணவாய் மீன் வந்து விழுந்து, ஃபுல்கோ "கட்" என்று கையை ஆட்டும் வரை ஓடவிட்டாள். பின்னால் ஓட்டினாள். மறுபடி பார்த்தாள். மறுபடி பின்னால். நீங்கள் எழுந்து எழுந்து விழுந்தீர்கள்.

"சாகமாட்டேன்னு செத்துக்கிட்டே சத்தியம் பண்ற ஒரே ஆளு" என்றாள். மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, ஜலதோஷமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தத் துண்டை ஆணியில் மாட்டவில்லை. படத்திலேயே விட்டிருக்கிறாள், கணவாய் மீன் வரைக்கும்.

பிறகு குறிப்பு எழுதினாள். எனக்குக் காட்டவில்லை. காபி கொதிக்கும்போது உறையை ஆவியில் காட்டித் திறக்கலாம் என்று பார்த்தேன், காதைப் பிடித்துவிட்டாள். அதில் என்ன இருந்தது? உடனே எழுதுங்கள்.

ஒரு காது நீண்ட,
நிவேஸ்


அல்மேரியா,
10 ஆகஸ்ட் 1967

நிவேஸ்,

என்ன இருந்தது என்று கேட்டாய். அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்.

"கடைசிக் காட்சியில் மீசைக்காரர் படகோடு வெடித்துச் சாகத் தேவையில்லை. படகு மட்டும் வெடிக்கட்டும். அவர் முன்பே நீந்திக் கரையேறட்டும். துறைமுகச் சுவரோரமாக நடந்து திரைச் சட்டகத்தின் வலப்பக்கம் வெளியே போகட்டும். திரும்பிப் பார்க்க வேண்டாம். வாயைத் திறக்கவே வேண்டாம்."

ஃபுல்கோ மகிழ்ந்துபோனார், வெடிப்பில் பறக்கவிட வைத்திருந்த ஒரு செயற்கைக் கால் மிச்சம் என்று. யாரும் "ஆனா" சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்திருப்பார்கள்.

வெளியே போ, திரும்பிப் பார்க்காதே, வாயைத் திறக்காதே. இதைவிடத் தெளிவாக ஒருத்தி எப்படிச் சொல்வாள்? கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை, அவ்வளவுதான். நேற்று எடுத்தோம். நனைந்த சட்டையோடு வலப்பக்கம் நடந்தேன். சட்டகத்தைத் தாண்டினேன். ஃபுல்கோ "போதும்" என்று கத்திய பிறகும் நடந்துகொண்டே இருந்தேன். மீன்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை. சொன்னபடி செய்தேன்.

பதினேழாம் தேதி வேலை முடிகிறது. ஃபுல்கோ அடுத்த படத்துக்கு யுகோஸ்லாவியா போகிறார், கூப்பிடுகிறார். குளிர் நாடு. என் பழுப்புக் கோட்டை ஃபுல்கோ பெயருக்குப் பார்சலில் அனுப்பு. டூரினிலிருந்து எனக்கு எழுது. மறந்துவிடாதே.

அப்பா


ரோம்,
14 ஆகஸ்ட் 1967
அவசரத் தபால்

ஐயோ என் அப்பாவே,

கோட்டை அனுப்பவில்லை. அனுப்பவும் மாட்டேன். நீங்கள் லத்தீனில் அல்ல, சொந்தத் தொழிலிலேயே தோற்றுப்போயிருக்கிறீர்கள். உங்களை அக்டோபருக்குத் தள்ளவேண்டும்.

இருபது வருடமாகக் கேமராவுக்கு முன்னால் நிற்கிறீர்களே, ஒருநாளாவது அம்மாவின் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களா? ஒரு கோடைகாலம் உட்கார்ந்த நான் சொல்கிறேன், கேளுங்கள். வெளியே போ என்று துரத்துகிறவள் எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டாள். பக்கம் சொல்லி அனுப்பினால், அடுத்த துண்டோடு ஒட்டப்போகிறாள் என்று அர்த்தம். வலப்பக்கம் வெளியே போகிறவன் அடுத்த ஷாட்டில் இடப்பக்கமிருந்து உள்ளே வரவேண்டும். வேறு பக்கம் வந்தால் வழி மாறிவிட்டான் என்று பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். இது இந்த அறையில் கூட்டிப் பெருக்குகிறவருக்கும் தெரியும்.

கடைசிக் காட்சி என்பதால் செவ்வாய்க்குக் காத்திராமல் முந்தாநாளே அந்த ஷாட் வந்தது. நீங்கள் நடந்து மறைந்தீர்கள். மெஷினில் வெறும் சுவர் ஓடியது, அம்மா அதையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"அம்மா, இவரு வலப்பக்கம் போயிட்டாரு. அடுத்த ஷாட் எங்க?"

"அது இன்னும் எடுக்கல."

"டப்பால இல்லையா?"

"இல்ல. அது இங்க எடுக்கவேண்டியது."

"யாரு எடுப்பா?"

"நீ அந்த ஒட்ட நேரா போடு, அது போதும்" என்றாள். காது இரண்டும் சிவந்திருந்தது, யாரும் பிடிக்காமலே.

ஆதாரம் வேண்டுமா? ஒன்று: இன்று சாயங்காலம் சமையலறையில் அம்மா தன் நாற்காலியைத் தூக்கி மேசையின் மறுபக்கம் போட்டாள். இப்போது அவள் உட்கார்ந்தால் வாசல் இடப்பக்கம் இருக்கிறது. "வெளிச்சத்துக்கு" என்றாள். வெளிச்சம் எதிர்ப்பக்கம். இரண்டு: கத்திரிக்காய் வாங்கி வந்து, அடுக்கடுக்காய் சீஸ் வைத்துச் சுடுவது எப்படி என்று என்னைக் கேட்டாள். அவளுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. இந்த வீட்டில் அதைத் தின்கிற ஒரே ஆள் யார் என்று ரெக்ஸ் ஹார்டனுக்குத் தெரியுமா? மூன்று: பெரியம்மா போனில் "வீடு பாத்தாச்சுடி" என்று கத்தினாள். அம்மா, "ஒரு ஷாட் பாக்கியிருக்குக்கா, அது வந்ததும் சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

ஃபுல்கோவிடம் யுகோஸ்லாவியாவில் வேறு யாரையாவது சாகடிக்கச் சொல்லுங்கள். பதினேழாம் தேதி வண்டியேறுங்கள். மாடிப்படியில் நிதானமாக ஏறி வாருங்கள். வாசலில் தடுக்கி விழுவது, நெஞ்சைப் பிடிப்பது, திரைச்சீலையில் சுருண்டு சரிவது ஒன்றும் கூடாது. மூட்டை கனமாக இருந்தாலும் கண்ணைச் சொருகாதீர்கள். வாயைத் திறக்கவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறாளே, அதை மட்டும் எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். கத்திரிக்காய் வரும்போது திறந்தால் போதும்.

கதவைத் தாழிடாமல் வைத்திருப்பேன். நீங்கள் இடப்பக்கமிருந்து வந்தால் மட்டும் போதும். அடுத்த ஒட்டை இந்த முறை கோணலில்லாமல் போடுகிறேன்.

காத்திருக்கும் ஒட்டுவேலைக்காரி,
நிவேஸ்